எனக்கும் எழுதுங்க

நேற்று வரை இடது காலை இழுத்து இழுத்து நடந்த சுலோச்சனா, இன்று வலது காலை நொண்டிக்கொண்டு வந்து அம்பாசடர் காரில் ஏறினாள். பின்சீட்டில் முதலிலேயே இடம் பிடித்திருந்த மாசாணியம்மாளின் கண்ணுக்கு அது தப்பவில்லை.

'நடிப்பு! முழுக்க நடிப்பு!' வயிறு எரிந்தது அவளுக்கு.

மாசாணியம்மாள் மூத்த மருமகள். சுலோச்சனா இளையவள். தேங்காய்க் களத்தில் வழுக்கி விழுந்து சின்னவளுக்கு முட்டி பிசகியது என்னவோ நிஜம்தான். அதற்காக வீடே அவளைத் தாங்கு தாங்கென்று தாங்க வேண்டுமா? உடுமலைப்பேட்டையில் இல்லாத டாக்டரா? கோயமுத்தூருக்கு, அதுவும் ஆர்.எஸ்.புரத்துக்கு!

"நீ வேணும்னா ஊட்டுலயே இரு" என்றார் காரைக் கிளப்பியபடி மாசாணியம்மாளின் கணவர் பாலுசாமி.

"அதெப்படிங்க? அவ போனா நானும் வாரேன்."

அந்த வீட்டுச் சட்டம் அப்படி. சின்னவளுக்குச் சேலை எடுத்தால் பெரியவளுக்கும் எடுத்தாக வேண்டும். துளி குறைந்தாலும் அன்றைக்கு அடுப்பு எரியாது.

போன பொங்கல் நோம்பிக்குக்கூட ஒரே கடையில், ஒரே அளவில் இரண்டு பேருக்கும் செருப்பு வாங்கினார்கள். அவளுடையது இன்னும் சிக்கென்று இருக்கிறது. இவளுடையதில் இப்போது விரலே நுழைய மாட்டேன் என்கிறது. தனக்கு மட்டும் மட்டமான சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாயிற்று.

கிளினிக்கில் டாக்டர் சுலோச்சனாவின் முட்டியை அழுத்திப் பார்த்தார்.

"அடிபட்டும் வீங்கும்மா. உள்ளே ஏதாவது கோளாறு இருந்தாலும் வீங்கும். எதுக்கும் ரத்தம், யூரின் எல்லாம் டெஸ்ட் பண்ணிடலாம்."

"எல்லாமுங்களா டாக்டர்?" என்று சுலோச்சனா குழைந்தாள்.

"எல்லாமேதான். உடம்பு முழுக்கப் பார்த்துடலாம்."

மாசாணியம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. விட்டால் இவளைத் தங்கத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுவார்கள்!

"எனக்கும் எழுதுங்க!" என்றாள்.

டாக்டர் பாலுசாமியைப் பார்த்தார். பாலுசாமி மின்விசிறியைப் பார்த்தார்.

"உங்களுக்கு என்னம்மா பண்ணுது?"

"எனக்கென்னங்க, கல்லாட்டம் இருக்கறேன். ஆனா அவளுக்குப் பண்றத எனக்கும் பண்ணிப்போடோணும். நானும் அந்த ஊட்டு மருமகதானுங்க!"

ஊசி என்ற பேச்சைக் கேட்டாலே தோப்புக்குள் ஓடி ஒளிகிற மாசாணியம்மாள், அன்று சுலோச்சனாவை முந்திக்கொண்டு நர்ஸிடம் கையை நீட்டினாள். வலித்ததுதான். ஆனாலும் முதலில் எடுத்தது தனக்குத்தான் என்ற நிறைவோடு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

மதியத்துக்கு மேல் மூவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மாசாணியம்மாளிடம் திரும்பினார்.

"உங்களுக்குச் சர்க்கரை ரொம்ப நாளா இருந்திருக்கும்மா. கிட்னியைத் தொட ஆரம்பிச்சிருச்சு. காலு வீங்குறது, காலையில முகம் உப்புறது, எல்லாம் அதனாலதான்."

மாசாணியம்மாள் தன் பாதத்தைக் குனிந்து பார்த்தாள். சட்டென்று அதைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தாத்தான் கஷ்டம். இப்பவே வந்துட்டீங்க. மாத்திரையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தா இதுக்கு மேல போகாமப் பார்த்துக்கலாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்ட மாசாணியம்மாள், அந்த நேரத்திலும் விடவில்லை.

"அவளுக்கு என்னங்க வந்திருக்குது?"

"அவங்களுக்கு ரத்தமே எடுக்கலையேம்மா" என்றார் டாக்டர். "முட்டி குணமாகி மாசம் ஒண்ணாச்சுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க."

மாசாணியம்மாள் கணவரைப் பார்த்தாள். "காலு வீங்குது, டாக்டர்கிட்டப் போலாம்னு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? வந்தியா நீயி?" என்றார் பாலுசாமி.

சுலோச்சனா நாற்காலியை நகர்த்திப் போட்டு, மாசாணியம்மாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குன்னு கெளம்புனாத்தானுங்க அக்கா, நீங்க வருவீங்க!"