தொலைந்துபோன காதுக்கருவி

மாமனாரின் காதுக்கருவி கோயில் கூட்டத்தில் தொலைந்துபோனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் குரலைத் தாழ்த்திப் பேசுவதில்லை. அவரை எந்த முதியோர் இல்லத்தில் விடுவது என்பதைக்கூட வசுமதியும் சுகுமாரும் அவருக்கு எதிரிலேயே, இட்லியைப் பிட்டுக்கொண்டே பேசினார்கள்.

"இவருகிட்ட எப்பங்க சொல்றது?"

"கார்ல ஏத்தினப்புறம் சொல்லிக்கலாம். என்ன, கொஞ்சம் கத்திச் சொல்லணும்," என்று சிரித்துவிட்டுச் சுகுமார் அலுவலகம் கிளம்பினான்.

வசுமதி லேப்டாப்பைத் திறந்தாள். அதிலிருந்த லினக்ஸ் இயங்குதளத்தில் அவளுடைய ஹெட்போன் மறுபடியும் இணைய மறுத்தது. கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, அக்கம்பக்கத்தில் விழித்திருக்கும் புளூடூத் கருவிகளைத் தேடச் சொன்னாள். எதிர்வீட்டு டிவி வந்தது. ஹெட்போன் வந்தது. அதற்குக் கீழே, வாங்கிய அன்று அவளே வைத்த பெயர் வந்தது: 'மாமா காது'.

அணைந்து கிடக்கும் கருவி இப்படித் தலைகாட்டாது. மடியில் இருந்த ஹெட்போனுக்கும் அதற்கும் சிக்னல் பலத்தில் பெரிய வித்தியாசமில்லை; அதுவும் இதே அறையில்தான் இருந்தது.

எதிர் நாற்காலியில் மாமா முகம் தெரியாமல் பேப்பரை விரித்திருந்தார். இந்த வெயிலிலும் தலையைச் சுற்றி மஃப்ளர்.

அந்தப் பெயரோடு இணையும்படி கட்டளை அடித்து என்டரைத் தட்டினாள். இணைந்தால், போட்டிருப்பவர் காதுக்குள் மட்டும் சின்னதாக மணி ஒலிக்கும். அவள் வாயைத் திறக்கவில்லை, மூச்சைக்கூட விடவில்லை.

பேப்பர் அசையாமல் நின்றது. அதன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கூப்பிட்டியாம்மா?"