கீழே நிற்க வேண்டியவன்

மாடத்துக் கம்பியைப் பிடித்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான். பின்னால் மெத்தை வைத்த நாற்காலி போட்டிருந்தார்கள். அமைச்சரில்லையா, ஜம்மென்று உட்காரலாம்.

உட்கார முடியவில்லை.

கீழே, நகரசபைச் சதுக்கத்தில் மனிதக் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தது. ஆள் தோள்மேல் ஆள், அந்தத் தோள்மேல் இன்னோர் ஆள். ஏழு அடுக்கு. கத்தலோனியாவின் இந்தப் பக்கத்து ஊர்களில் இது இல்லாமல் திருவிழா கிடையாது. கடைசியில் தலைக்கவசம் போட்ட ஒரு குழந்தை உச்சிவரை ஏறிக் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அப்போதுதான் கணக்கு.

இந்த வருஷம் அந்தக் குழந்தை அவன் மகள் புருனா. ஒன்பது வயது.

ஐந்தாம் அடுக்கு நின்றதுமே கோபுரம் ஆடியது. பாதி ஏறியிருந்த புருனா அப்படியே தொற்றிக்கொண்டு நின்றாள். கீழே ஒரு தரம் பார்த்தாள். பிறகு சரசரவென்று இறங்கிவிட்டாள்.

கோபுரமும் அடுக்கடுக்காகப் பிரிந்து இறங்கியது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.



பதினாறு வருஷமாக அவன் இடம் கீழே. கோபுரத்தைச் சுற்றி, நெஞ்சும் முதுகும் ஒட்ட நெருக்கி நிற்கும் இருநூறு பேரில் முதல் ஆள். இரண்டாம் அடுக்குக்காரனை இரு கையாலும் ஏந்திப் பிடிக்க வேண்டும். முகத்தைத் தாழ்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கழுத்து போய்விடும். இத்தனை வருஷம் தாங்கினானே, ஒரு கோபுரத்தையாவது முழுசாகப் பார்த்ததுண்டா? கிடையாது.

குப்பையும் சாக்கடையும் பார்க்கிற கவுன்சிலராக இருந்தபோது கீழேதான் நின்றான். துணை மேயர் ஆனபோதும் அங்கேதான். மேயரானபின் கேட்கவா வேண்டும்! பதவிப் பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு இந்த மாடத்திலிருந்து இறங்கி ஓடுவான். ஊரே கைதட்டும். ஓட்டும் விழுந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

பதினொரு வாரத்துக்கு முன்னால் பார்சிலோனாவிலிருந்து அழைப்பு வந்தது. இப்போது கத்தலோனிய அரசில் அமைச்சர். இன்றைக்கு அரசின் தலைவரே அவன் ஊர்த் திருவிழாவுக்கு வந்து பக்கத்தில் நிற்கிறார்.

"அப்பா கீழதான் இருப்பேன்" என்று சொல்லித்தான் காலையில் புருனாவை அனுப்பினான். ஐந்து நிமிஷம் என்று மாடமேறினான். ஐந்து நிமிஷம் நாற்பதாயிற்று.

ஆசை இல்லாமலா ஏறினான்? இருந்தது. இவர் பக்கத்தில், ஊர் பார்க்க, ஒரு தடவை நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு முயற்சி பாக்கி. குழுத்தலைவன் நர்சிஸ், கையை வாயருகே குவித்து மேலே பார்த்துக் கத்தினான்.

"என்னடா, வர்றியா இல்லையா?"

அவன் கம்பியை விட்டான். திரும்பினான்.

தோளில் ஒரு கை விழுந்தது. அரசுத் தலைவர் கேமராக்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு மாறாமல் சொன்னார். "எங்க போறீங்க? படம் எடுக்கறாங்க."

ஒரு படம்தானே.

இரண்டு படம்.

முதல் தடவை அவன் இடத்தில் நின்ற லாரி ஓட்டுநரே மறுபடி அங்கே போய் நின்றான். ஊருக்குக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். நர்சிஸ் புருனாவின் முன் குனிந்து காதில் ஏதோ சொன்னான். கூட்டத்தின் நடுவே கைகாட்டினான். அவள் எம்பி எம்பிப் பார்த்தாள். இருநூறு தலை, இருநூறும் குனிந்த தலை.

சரியென்று தலையாட்டினாள்.

என்ன சொன்னான் படுபாவி?

நாயனம் மாதிரி அந்த ஊர்க் குழல் வீறிட்டது. நான்காம் அடுக்கு. ஐந்து. ஆறு. புருனா முதுகுகளைப் பிடித்து ஏறினாள். நிற்கவில்லை, கீழே பார்க்கவில்லை. அவன் வாய் தன்னால் எதையோ முணுமுணுத்தது. அவள் முகம் மாடத்தின் உயரத்துக்கு வந்தது. கூப்பிட்டால் கேட்கும். அவள் இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

கையைத் தூக்கினாள்.

சதுக்கம் அதிர்ந்தது. அவன் அழுதுவிட்டான். அடேயப்பா, இதையா இத்தனை வருஷம் குனிந்துகொண்டு பிடித்திருந்தோம்!

கோபுரம் துளி ஆடவில்லை. இறங்கும்போதும் ஆடவில்லை.

நானில்லாமலும் நிற்கிறதே என்று ஒரு எரிச்சல் வந்தது. சீ, என்ன புத்தி இது, பெற்ற பெண் உச்சியில் ஏறி இறங்கியிருக்கிறாள் என்று தன்னையே திட்டிக்கொண்டான். கோட்டைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு படிகளில் ஓடினான். யாரோ கூப்பிட்டார்கள். நிற்கவில்லை.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனதும் புருனா பாய்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மொதல்ல நீங்க இல்ல, இல்லப்பா? கால் வச்சதுமே தெரிஞ்சுபோச்சு. அதான் எறங்கிட்டேன்."

அவன் அவள் தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்தான்.

"உங்கப்பா வந்துட்டான், கீழ நிக்கறான், தைரியமா ஏறுன்னு நர்சிஸ் மாமா சொன்னாரு. அப்புறம் பாருங்க, ஆடவே இல்ல! நீங்கதானேப்பா?"

எத்தனை கூட்டம், எத்தனை கேள்வி பார்த்தவன். ஒன்றுக்கும் தயங்கியதில்லை.

"நான்தான்" என்றான்.

ஒரு முழம் தள்ளி லாரி ஓட்டுநர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பிடரியில் தோல் வழன்று சிவந்திருந்தது. குடிப்பதை நிறுத்தி அமைச்சரைப் பார்த்தான். அவர் கழுத்தில் தொங்கும் பெண்ணைப் பார்த்தான்.

பாட்டிலை நீட்டினான்.

"குடிங்கண்ணே. அவ்வளவு நேரம் கீழ நின்னா நாக்கு வறண்டுபோகும்."

புருனா இருவரையும் பார்த்துச் சிரித்தாள்.

அவன் வாங்கிக் குடித்தான்.