உள்ளே வேற யாராவது?

நான் லிஃப்ட் மெக்கானிக். எனக்கு எழுத வராது, பேசத்தான் வரும். வேலை முடிந்ததும் நடந்ததை ஃபோனில் பேசி அனுப்புவேன். மனைவி அமைத்து வைத்திருக்கும் ஏஐ ஏஜென்ட் அதைக் கட்டுரையாக்கித் தானாகவே எங்கள் வலைப்பூவில் போட்டுவிடும். “இதையெல்லாம் எவன் மாமா படிப்பான்?” என்று மைத்துனன் சிரிப்பான்.

நேற்று ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. லிஃப்ட் கம்பெனி ஆட்களே கையை விரித்துவிட்டார்கள். நான் மோட்டார் அறைக்கு ஏறி, பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி அதை இறக்கினேன். ஐந்து பேரைக் கைபிடித்து வெளியே விட்டேன். வழக்கம்போல் கடைசியில் காலி லிஃப்டுக்குள் கையை நீட்டி, “உள்ளே வேற யாராவது?” என்று கேட்டுவிட்டுத்தான் கதவை மூடினேன். கூடியிருந்த கூட்டம் கைதட்டித் தீர்த்தது.

காலையில் கட்டுரை ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. மைத்துனனே பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தான். ஒரே ஒரு தப்பு. ‘ஆறு பேர் வெளியே வந்தார்கள்’ என்றிருந்தது.

“அஞ்சுன்னுதானே சொன்னீங்க?” என்று மனைவி திருத்தினாள். ஏஜென்ட் மறுபடி ஆறு என்று போட்டது. மறுபடி திருத்தினாள். மறுபடி ஆறு.

“உங்க பெருமையை ஏத்தி விடுதுங்க இது!”

அப்போது கட்டுரையின் கீழே பெயரில்லாத பின்னூட்டம் ஒன்று வந்தது.

“ஆறுதாண்ணே சரி. கடைசியா வந்தது நான். இத்தனை வருஷத்துல உள்ளே யாராவது இருக்கீங்களான்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான்.”

மனைவி இரண்டு தடவை படித்தாள். பிறகு தலைப்பிலேயே ஆறு என்று போட்டாள்.