உதைக்காமல் நின்ற குதிரை

குளம்புப் புண்ணை அறுக்க வந்த டாக்டரிடம் ரெண்டு மருந்து இருந்தது. ஒன்று வலியை மரத்துப்போகச் செய்யும். மற்றது ஆளை அசையவிடாது, அவ்வளவுதான்.

"உதைக்காம நின்னா போதுங்க," என்றார் சொந்தக்காரர். ரெண்டாவதுதான் வண்டிக்குதிரை செவலையின் கழுத்தில் இறங்கியது.

கத்தி பட்டதும் செவலைக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் காலைத் தூக்க முடியவில்லை. தலை தொங்கிவிட்டது.

கொம்பு முறிந்து அடுத்துத் தன் முறைக்காகக் காத்திருந்த எருமை எட்டிப் பார்த்தது. "ஏன்டி செவலை, வலிக்கவே இல்லையா?"

சொல்லத்தான் செவலை வாயைத் திறந்தது. எச்சில்தான் வழிந்தது, நாக்கு புரளவில்லை.

"எவ்வளவு நிம்மதியா நிக்கிறா! எனக்கும் அந்த மருந்தே போதும்ப்பா," என்ற எருமை, செவலையின் கண்ணெதிரே, தானாகவே கழுத்தை நீட்டியது.