தண்ணீருக்குள் கை

காலை ஆறரைக்கு அருளப்பனின் தூண்டிலில் ஒரு ட்ரவுட் மீன் மாட்டியது. ஒரு சாண்கூட இல்லை. இந்த மலையோடையில் அந்த அளவு மீனைத் திருப்பி விட்டுவிடுவதுதான் வழக்கம். அவன் முள்ளைக் கழற்றி, மீனின் தலை நீரோட்டத்தைப் பார்த்திருக்கும்படி, தண்ணீருக்குள்ளேயே இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டான். குளிர் மணிக்கட்டு வரை கடித்தது.

கரைப்பாறையில் எமிலி மெழுகுவத்தியோடு நின்றாள். போன வருஷம் இதே மடுவில்தான் அவள் கணவன் லியோ, அருளப்பனின் தம்பி, வழுக்கி விழுந்து மூழ்கினான். அதன்பிறகு அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

“விடுறதுன்னா விட்டுருங்களேன் மாமா. எதுக்குப் பிடிச்சு வச்சுக் கொஞ்சுறீங்க?”

“இப்ப விட்டா மல்லாந்துரும்மா. அதுக்கு மூச்சு திரும்பணும்.”

“திரும்பிருச்சுன்னு உங்க காதுல வந்து சொல்லுமாக்கும்?”

அவள் வேடிக்கையாகப் பேசி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஆறுதலில் அருளப்பன் யோசிக்காமல் சொன்னான்.

“கைக்குத் தெரியும்மா. உயிர் இருந்தா உள்ள ஒரு திமிறல் இருக்கும். அது அடங்கிட்டா, தண்ணி இழுக்கிற இழுப்பு மட்டும்தான் கையில மிஞ்சும். லியோ கையும் அப்படித்தான்...”

மீன் வாலை அடித்து, விரல்களுக்கு நடுவே நழுவிப் போனது. அவன் கைகளை வெளியே எடுக்கவில்லை.

எமிலி பாறையிலிருந்து இறங்கித் தண்ணீரின் ஓரத்துக்கு வந்தாள்.

“அன்னிக்கு அவரு உங்க கைக்கு எட்டவே இல்லைன்னுதானே மாமா சொன்னீங்க?”