பத்தாயத்து எலி

"அரைப் படி என்ன, அரை நெல்மணிகூட அதிகம் தர மாட்டேன்!"

பட்டாபிராமன் கையை ஓங்கி முழங்கினார். ஓங்கிய கையை உடனே இறக்கி இடுப்பைப் பிடிக்க வேண்டியதாயிற்று. வேட்டி நழுவியது. மூன்று மாதத்துக்கு முன்புவரை அந்த வேட்டியைத் தொந்தி தாங்கிக்கொண்டிருந்தது. இப்போது வேட்டிக்கு ஆதரவு இல்லை.

"யார்கிட்டே கத்தறேள்? ஆத்துல நான் மட்டும்தானே இருக்கேன்?" அடுக்களையிலிருந்து ஞானம் கேட்டாள்.

"பழகிக்கறேன். சாயங்காலம் காத்தான் பேச வரான்."

காத்தான் அவருடைய வண்டிக்காரன். ஐப்பசியில் ஊர்ப் பண்ணையாட்கள், நாள்கூலி நெல்லில் அரைப் படி கூட்டித் தரச் சொல்லி வரப்பில் கொடியை நட்டுவிட்டு வேலைக்கு வராமல் நின்றார்கள். காத்தான்தான் சங்கத் தலைவன். அன்றோடு வில்வண்டி கொட்டகையில் படுத்தது.

அதற்கு முந்தின வாரம்தான் திருவாரூர் டாக்டர் அப்துல் ஜலீல் பட்டாபிராமனை எடை பார்த்திருந்தார். பார்த்துவிட்டு, மெஷின்தான் கெட்டுவிட்டதோ என்று அதை ஒரு தட்டுத் தட்டினார்.

"இளைக்கறதுக்கு மாத்திரை ஏதாவது எழுதிக் குடுங்கோ டாக்டர்."

"மாத்திரையெல்லாம் கிடையாதுங்க. வாயைக் கட்டுங்க, காலை அவுத்து விடுங்க. இல்லேன்னா இந்தச் சம்பா அறுப்புக்கு நீங்க இருப்பீங்களான்னே என்னால சொல்ல முடியாது."

பக்கத்தில் நின்ற ஞானத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. பட்டாபிராமன் மட்டும் வெளியே வந்ததும் காபி கிளப்பில் இரண்டு நெய் ரவா தோசை சாப்பிட்டு மனத்தைத் தேற்றிக்கொண்டார்.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. வண்டி இல்லாததால் பஸ் நிற்கும் ரோட்டுக்கு நடந்தார். மடை திறக்க ஆளில்லை, திறந்தார். மாட்டுக்குப் புல் அறுத்தார். ஆற்றங்கரை வயலிலாவது களை எடுக்கலாமென்று குனிந்தார். முதல்நாள் அவரை நிமிர்த்த ஞானம் வர வேண்டியிருந்தது. மார்கழியில் தானே நிமிர்ந்தார்.

"எல்லாம் இந்த கவர்மெண்ட் குடுக்கற இடம்," என்று ஒவ்வொரு தடவை நிமிரும்போதும் சொல்லிக்கொண்டார்.

இப்போது இலை போட்டாயிற்று. ஞானம் அளவாகச் சாதம் வைத்தாள்.

"இன்னும் போடேன்."

"அவ்வளவுதான்னா. கீரை நெறைய இருக்கு, போட்டுக்கோங்கோ. பத்தாயத்துல நெல் குறைஞ்சிண்டே வரது. மத்தியான பஜ்ஜி, ராத்திரி அடையெல்லாம் ஸ்டிரைக் முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்."

"இருக்கறது நாம ரெண்டு பேர். ஒரு மூட்டைகூட விக்கலை. எப்படிக் குறையும்?"

"எலி."

"பத்தாயத்தையே காலி பண்ற எலியா?"

"நம்மாத்து எலி வேற எப்படி இருக்கும்?" என்றாள் ஞானம், அவர் வயிற்றைப் பார்த்தபடி.

சாயங்காலம் காத்தான் வந்தான். இடுப்பில் கட்டும் துண்டு தோளில் கிடந்தது. 'சாமி'யும் ஐப்பசியிலேயே 'ஐயா' ஆகிவிட்டது.

"ஐயா, ரொம்ப இளைச்சிட்டீங்க."

"கேலியா?"

"நெசமாத்தாங்க. போன வருசம் நீங்க ஏறி உக்காந்தா, மாடு ரெண்டும் என்னைத் திரும்பிப் பாக்கும்."

பழகிவைத்த முழக்கத்தை எடுக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் காலையில்தான் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே டாக்டர் அவரை எடை பார்த்துவிட்டு மறுபடியும் மெஷினைத் தட்டினார்.

"என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"ஸ்டிரைக்."

"நல்ல மருந்து. மெதுவா இளைச்ச உடம்புங்க இது, நிலைக்கும். ஆனா ஸ்டிரைக் முடிஞ்சுதுன்னு மறுபடி வண்டியில ஏறினீங்க, பழைய தொந்தியும் கூடவே ஏறிக்கும்."

இப்போது எதிரே காத்தான் நின்றான்; வெளியே கதிர் பழுத்துச் சாய்ந்துகொண்டிருந்தது. களை எடுத்த இடுப்பு இன்னும் லேசாக வலித்தது.

"குனிஞ்சு நிமிர்ற வேலைக்கு இந்தக் கூலி கம்மிதாண்டா," என்றார் பட்டாபிராமன். சொல்லிவிட்டு, யார் சொன்னது என்பதுபோல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

காத்தான் காதைத் தேய்த்துக்கொண்டான்.

"அரைப் படி தரேன். நாளைக்கே அறுப்புக்கு வாங்கோ. ஆனா வில்வண்டி எனக்கு வேண்டாம். நான் நடந்துப்பேன்."

"அப்ப என் வேலை, ஐயா?"

"நெல்லு மூட்டை ஏத்திண்டு போ. அது மாட்டைப் படுத்தாது."

காத்தான் சிரித்துக்கொண்டே கிளம்பினான். பட்டாபிராமனுக்கு ஒரு சந்தேகம் மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது.

"இரு. மூணு மாசம் வேலை இல்லை, கூலி இல்லை. ஆனா உங்க தெரு முழுக்க அடுப்பு எரிஞ்சுது, நானே புகையைப் பாத்தேன். சங்கத்துல அவ்வளவு நெல்லா வச்சிருக்கேள்?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது.

"உங்க பத்தாயத்து நெல்லுதாங்க," என்றான் காத்தான். "கார்த்திகையிலயே நாங்க கால் படிக்கு ஒத்துக்கலாம்னுதான் கிளம்பி வந்தோம். அம்மாதான் கொல்லைக் கதவுல மறிச்சு, மூட்டையைத் தூக்கிக் குடுத்து, 'ஐயாவுக்கு இன்னும் தொந்தி கரையலைடா, அரைப் படிக்குக் குறைஞ்சு எவனாவது ஒத்துக்கிட்டீங்க, நடக்குறதே வேற'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க!"