றோட்டின் மேல் போட்ட பழி

"ஏலாது பிள்ளை. ஒரு சாண் காணியும் தரமாட்டன்" என்றார் சிவபாதம்.

தர்சனாவுக்குத் தலை சுற்றியது. பிரதேச செயலகத்திலிருந்து அவள் இந்த வீட்டு வாசல் படலைக்கு வருவது மூன்றாவது தடவை.

சரவணைக் கிராமத்தில் றோட்டை உயர்த்திப் போட்டபோது இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்காலும் இரும்புத் தடுப்பும் வந்தன. அதோடு ஊர் இரண்டாகிவிட்டது. எதிர்வீட்டுக்குப் போவதென்றாலும் சந்தி வரை போய்ச் சுற்றித்தான் வரவேண்டும்.

இப்போது அரசாங்கமே மனமிரங்கி, றோட்டால் பிரிந்த ஊர்களைச் சேர்க்கவென்று காசு ஒதுக்கியிருக்கிறது. தடுப்பை வெட்டி, வாய்க்காலுக்கு மேல் கொங்கிறீற் போட்டு, நடந்து கடக்க ஒரு பாதை. மற்ற இடமெல்லாம் வெள்ளம் நிற்கிற பள்ளம். மேடான இடம் இது ஒன்றுதான். இந்தப் பக்கம் சிவபாதத்தின் வளவிலும், அந்தப் பக்கம் அவருடைய தம்பி தம்பிராசாவின் வளவிலும் கொஞ்சம் நிலம் வேண்டும்.

நாளைக்குள் சம்மதம் கிடைக்காவிட்டால் காசு திரும்பிப் போய்விடும்.

"ஐயா, பள்ளிக்கூடப் பிள்ளையள் தடுப்பில ஏறிக் குதிக்குதுகள். ஒண்டு விழுந்து கையும் முறிஞ்சது."

"தெரியும்."

"உங்கட சொந்தத் தம்பியும் எதிரிலதானே இருக்கிறார். ரெண்டு எட்டில போய் வரலாம்."

"அதாலதான் வேண்டாமெண்டுறன்."

என்ன பிறவியோ என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே தர்சனா ஸ்கூட்டியைக் கிளப்பினாள். சந்தியைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள்.

தம்பிராசா எங்கேயோ புறப்படுகிற ஆயத்தத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். சைலன்சர் ஓட்டையான பழைய வண்டி.

"அண்ணை என்னவாம்?"

"தரமாட்டாராம்."

"அப்ப நானும் தரமாட்டன்."

"அவர் ஓமெண்டு சொன்னால்?"

"அப்பவும் தரமாட்டன்."

றோட்டு உயர்ந்த வருடம் தம்பிராசாவின் மகளுக்குக் கலியாணம். வீட்டுக்கு வந்து முறையாகச் சொல்லவில்லை என்று அண்ணனுக்குக் கோபம். சொல்லாவிட்டாலும் வந்திருக்கலாம் என்று தம்பிக்குக் கோபம். அன்றிலிருந்து முகம் பார்ப்பதில்லை. அப்படிப்பட்ட இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேசி வைத்த மாதிரி ஒரே பதில் சொல்கிறார்கள்.

தர்சனாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. விளங்காமல் விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. திரும்பவும் சிவபாதத்தின் படலைக்கே வந்தாள்.

"ஐயா, காணி தராட்டிலும் பரவாயில்லை. ஏனெண்டாவது சொல்லுங்கோ."

சிவபாதம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"மெல்லக் கதையும். உள்ளுக்கு அக்கா கிடக்கிறா. எங்கள் ரெண்டு பேரையும் வளர்த்தவ. இடுப்பு முறிஞ்சு இப்ப கட்டிலோட சரி. நாங்கள் கோபமெண்டு அவவுக்குத் தெரியாது."

"பேந்து?"

"சின்னவன் ஏன் வாறேல்லை எண்டு கேப்பா. றோட்டை அடைச்சுப்போட்டாங்கள் அக்கா, அவனுக்கு முழங்கால் வருத்தம், சுத்தி வர ஏலாது எண்டு சொல்லுவன். ரெலிபோனில அவனும் அதைத்தான் சொல்லுறானாம். பாதை வந்தால் நாங்கள் என்னத்தைச் சொல்லுறது?"

"கோபத்தை விட்டால் முடிஞ்சுதே ஐயா."

"அவன் முதல்ல வரட்டும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஆரது? அந்தப் பிள்ளையை இஞ்ச வரச்சொல்லு."

சிவபாதம் தேத்தண்ணி போடுகிற சாட்டில் குசினிக்குள் போய்விட்டார். தர்சனா அறைக்குள் போனாள். றோட்டுப் பக்கத்து யன்னலோரம் கட்டிலில் கிடந்தார் அக்கா சறோஜினிதேவி.

"கையெழுத்து வைக்கிற தாளைத் தாரும்."

"அது காணிக்காரர்தான் வைக்கவேணும் அம்மா."

"றோட்டுக்கு ரெண்டு பக்கமும் எனக்கெண்டு எழுதின சீதனக் காணி. நான் கலியாணம் கட்டேல்லை. இவங்கள் குடியிருக்கிறாங்கள். அவ்வளவுதான்."

இத்தனை நாளும் யாரைக் கெஞ்சினோம் என்று தர்சனாவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. தாளை நீட்டினாள். அக்கா தலையணையில் வைத்து ஆற அமரக் கையெழுத்துப் போட்டார்.

தம்பிமார் இருவரும் கட்டிக் காத்த பொய் இனி உடையப் போகிறது. இந்த மனுசி அதைத் தாங்குவாரா? சொல்லி வைக்கலாமா, வேண்டாமா?

"அம்மா, அந்தப் பாதை வந்தால்..."

அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் படபடவென்று வந்து படலையில் நின்றது. சைலன்சர் ஓட்டையான சத்தம். யாரும் உள்ளே வரவில்லை. குசினிக்குள் தேத்தண்ணி ஆத்துகிற சத்தமும் நின்றுபோயிற்று. கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பிப் போய்விட்டது.

"முழங்கால் ஏலாதவர் ஒவ்வொரு பின்னேரமும் இப்பிடித்தான் சந்தியைச் சுத்தி வந்து, படலையில நிண்டுபோட்டுப் போறார்" என்றார் அக்கா. "மூத்தவர் அந்த நேரம் பார்த்துப் படலையைத் திறந்து வைச்சிட்டுக் குசினிக்குள்ள ஒளிக்கிறார்."

"உங்களுக்கு எல்லாம் தெரியுமே? அப்ப ஏனம்மா பேசாமல் இருந்தனீங்கள்?"

"கோபம் ஆறும் மட்டும் அவங்களுக்கும் றோட்டெண்டு சொல்ல ஒரு சாட்டு வேணும்தானே. அதுதான் நம்பின மாதிரிக் கிடந்தனான்."

அக்கா தாளைத் தர்சனாவின் கையில் வைத்தார்.

"கோபம் ஆறட்டுமெண்டு காத்திருக்க எனக்கு இனிக் காலம் காணாது பிள்ளை. கிராமசேவகரை ரெலிபோனில கூப்பிட்டு இந்தப் பாதையைப் போடச்சொல்லிக் கேட்டதே நான்தான்."